கால்வாய்க் கம்பஸுக்குப் போன சிரட்டை

அத்தியாயம் பதினேழு

பிள்ளையார் தேர் முடிந்த மறுநாள் பாரிஸ் லா சப்பலைப் பார்க்க வேண்டும். நகரசபை வண்டி தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் போன பிறகும் வீதியில் கற்பூரக் கரி ஒட்டிக்கொண்டிருக்கும். தேங்காய்த் தண்ணீர் மணம் இரண்டு நாளைக்குப் போகாது. கடைக்காரர்களுக்கெல்லாம் தொண்டை கட்டிப்போய், விலையைக் கேட்டால் விரலால் காட்டுவார்கள்.

ஞானசுந்தரத்துக்கும் தொண்டை கட்டித்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை காலை மனுசன் கடைக்குள் மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

காரணம் தெரிந்ததுதான். போன கிழமை மகள் யசோதினி கடைக்குள் வந்து, "அப்பா, உங்களிட்டை ஒரு உதவி" என்றதும் இவர் காசு லாச்சியை மூடாமலே எழுந்து நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பத்து வருடத்தில் தன் பல்கலைக்கழகத்துக்காக அவள் இவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி இவரும் நடந்துகொண்டதில்லை.

கனால் நோர் பல்கலைக்கழகம் என்று வாய் நிறைய ஒரு பெயர் அதற்கு இருக்கிறது. இவர் ஒருநாளும் அப்படிச் சொன்னது கிடையாது. "மாக்கிடங்கு" என்பார். சென் தெனி கால்வாய்க் கரையில் கைவிடப்பட்ட ஒரு மாக்கிடங்கில் 2009 செப்டெம்பரில் அரசாங்கம் திறந்த பல்கலைக்கழகம் அது. அந்த வருடத்துச் சித்திரையும் வைகாசியும் எப்படிப் போயின என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வன்னிப் போரை நிறுத்தச் சொல்லிப் பாரிஸ் தெருக்களில் இரவும் பகலும் நின்றோம். ஞானசுந்தரம் தன்னோடு மகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். பரீட்சைக்கு இருந்த பிள்ளை. படித்தது பாதி, நின்றது பாதி. அவளை எடுப்பதாக இருந்த பெரிய இடங்களின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. எடுத்தது இந்த ஊர் பேர் தெரியாத மாக்கிடங்கு ஒன்றுதான்.

ஆகவே அந்தக் கட்டடத்தைக் கண்டாலே அவருக்குத் தன் மேல்தான் கோபம் வரும். தன் மேல் வரும் கோபத்தைக் கட்டடத்தின் மேல் போட்டுவிட்டால் இரவில் கொஞ்சம் நித்திரை வரும். அவள் அங்கேயே பட்டம் வாங்கி, ஆராய்ச்சி செய்து, அங்கேயே விரிவுரையாளராகவும் ஆகிவிட்டாள். இவர் இன்றுவரை அதன் படலையைத் தாண்டவில்லை. நகரத்தின் நடுவில் இருக்கிற அந்தப் பழைய பெரிய பல்கலைக்கழகத்தில் என் பிள்ளையின் பெயர் ஒருநாள் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்றும் கேட்டார்.

இப்போது மகள் கேட்டது சிரட்டை. தேரன்று தெருவில் உடைபடும் தேங்காயின் சிரட்டைகளைச் சூளையில் கரியாக்கி, அந்தக் கரியால் கால்வாய்த் தண்ணீரின் அழுக்கை வடிப்பது அவளுடைய ஆய்வுகூடத்து வேலை. ஐரோப்பாவில் பரிசு வாங்கிய வேலை. முன்னைய வருடங்களில் மாணவர்களே வந்து கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு போனார்கள், இந்த முறை நிறைய வேண்டியிருந்தது. இன்று பின்னேரம் மூன்று மணிக்கு கல்வி மினிஸ்திரியிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே இந்த வருடத்துச் சிரட்டை சூளைக்குள் போக வேண்டும். திருப்திப்பட்டால் அந்தக் கூடம் நாட்டுக்கே பொதுவான ஆய்வு நிலையமாகும். இல்லாவிட்டால் மூடி, நகரத்துப் பழைய பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

தேருக்குத் தேங்காய்ப் பொறுப்பு வருடா வருடம் ஞானசுந்தரத்தின் கையில். வேறு யாரிடம் கேட்பாள்?

"எல்லாம் விடியவே அனுப்பிப் போட்டன்" என்றார் மனைவி பூரணியிடம். "புதுச் சாக்கு. வாய் கட்டி, சந்தனமும் குங்குமமும் வச்சு அனுப்பினனான். மினிஸ்திரிக்காரன் பாத்தால் அசந்து போவான்."

கடையின் பின்பக்கக் குசினியில் இருந்த பூரணி தலையை நீட்டினாள். "சாக்குக்கு என்னத்துக்கப்பா பொட்டு?"

"முதல் முதல் அனுப்பிறதெல்லே" என்றார்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. யசோதினி.

"அப்பா, இந்தச் சாக்கு ஆர் கட்டினது?"

"நான்தான் பிள்ளை. பாத்தியே, ஒரு தும்பு இருக்காது."

"அதைத்தான் கேக்கிறன். தேர்ச் சிரட்டை எங்கை?"

"உது வேறை சிரட்டை, பிள்ளை. தேங்காய்ப்பூ திருவி விக்கிற எங்கடை ஆள் ஒருத்தன் இருக்கிறானெல்லே, அவனிட்டைச் சொல்லி எடுப்பிச்சனான். தேர்ச் சிரட்டை தெருவிலை மிதிபட்டு, கற்பூரம் எரிஞ்சு கறுத்துப்போய்க் கிடந்தது. வீட்டுக்கு வாற ஆக்களுக்கு முன்னாலை உதைப் போய் வைக்கேலுமே? குப்பை வண்டியிலை நானே நிண்டு ஏத்திவிட்டனான்."

மறுமுனையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. மகள் மகிழ்ச்சியில் திக்குமுக்காடுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "சுத்தமான சிரட்டையிலை கரி ஆரும் செய்வினம். தெருக் குப்பையிலை இருந்து செய்யலாம் எண்டதுதான் எங்கடை வேலை. அந்தக் கற்பூரமும் மிதிச்ச ஊத்தையும்தான் எங்களுக்கு வேணும். பத்து வருசமா இந்தக் கம்பஸ் சொல்லிக்கொண்டு வாறதே அதைத்தானே. மற்றவை வேண்டாமெண்டு விட்டதை எடுத்து நல்லாக்குவம் எண்டு."

ஞானசுந்தரத்துக்குத் தான் செய்த பிழை விளங்கிவிட்டது. என்றாலும் வியாபாரியின் வாய் அல்லவா? "சிரட்டை சிரட்டைதானே, பிள்ளை. போட்டுக் காட்டு. ஆர் கண்டது?"

"நான் கண்டிட்டனே அப்பா."

அவர் லாச்சியைத் திறந்து மூடினார்.

"மூண்டு மணிக்கு அவையளுக்கு உள்ளதைச் சொல்லுவன். உங்களிலை குறை சொல்லமாட்டன், யோசிக்காதையுங்கோ" என்றாள். பிறகு வழக்கம்போல, "சாப்பிட்டியளே?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த "சாப்பிட்டியளே" மனுசனை அப்படியே கதிரையில் இருத்திவிட்டது. ஒருமுறை நான் அவளின் படிப்பைக் கெடுத்தேன், இப்போது இரண்டாம் முறை கெடுத்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னார். கண் கலங்கியது. கடைக்கு வந்த ஒருவர் முருங்கைக்காய் விலை கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் வராமல் திரும்பிப் போனார்.

"இஞ்சாருங்கோ, இருந்து அழுதால் வந்திடுமே?" பூரணி குசினிக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். கையில் ஒரு பாதித் தேங்காய். சம்பலுக்குத் திருவிக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தத் தேங்காயையே பார்த்தார். அதன் ஓரம் கறுத்திருந்தது.

"உது எங்கத்தையான்?"

"நேற்றுத் தேரிலை பொறுக்கினது. சாமித் தேங்காயைத் தெருவிலை விட்டிட்டு வாறதே? எல்லாரும்தான் பொறுக்கினவை. பொபினியிலை இருக்கிற அஜந்தா ஒரு பை நிறையக் கொண்டு போனவள்."

ஞானசுந்தரம் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. சரிதானே! எந்த வீட்டில் பொறுக்காமல் போனார்கள்? எங்கள் சனம் இருக்கிற பொபினியிலும் வில்லியே லே பெல்லிலும் சென் தெனியிலும் இன்றைக்குச் சம்பலும் சொதியும் அந்தத் தேங்காயில்தானே!

முதலில் பொபினிக்கு அடித்தார்.

"அஜந்தா, தேர்த் தேங்காயின்ரை சிரட்டை இருக்கே?"

"நேற்றே கறி வச்சிட்டம் அண்ணை. சிரட்டை குப்பைப் புபெல்லுக்கை கிடக்கு."

"வீட்டுப் புபெல்லோ, கீழை இருக்கிற புபெல்லோ?"

"வீட்டுப் புபெல்தான். ஏன் அண்ணை?"

"எடு. எடுத்துக் கெதியாக் கொண்டு வா. பக்கத்து வீடுகளிலையும் கேள். கழுவாதை! கழுவினியோ, நான் பொல்லாதவன்."

தும்பு இல்லாமல் சிரட்டை அனுப்பிய அதே மனுசன்தான். கட்டின தொண்டையோடு ஊரெல்லாம் "கழுவாதையுங்கோ, கழுவாதையுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார். பூரணி தன் தொலைபேசியில் இன்னொரு பக்கம் கத்தினாள். யசோவின்ரை கம்பஸுக்கு என்றதும் ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது அவருக்குப் புதினமாக இருந்தது. மாக்கிடங்கை இத்தனை பேருக்கு எப்படித் தெரியும்?

மதியத்துக்கு முன்னமே பைகள் வரத் தொடங்கின. புடவைக்கடைப் பை, மருந்துக்கடைப் பை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பைகூட ஒன்று. வில்லியே லே பெல்லிலிருந்து டி தடப் புறநகர் ரயிலில் வந்து இறங்கிய அற்புதராணி இரண்டு கையிலும் சுமையோடு கடைக்குள் நுழைந்தாள். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் சமைக்கிறவள். மன்னார்க்காரி, மாதா பக்தை.

"வேதக்காரி எண்டு என்னைக் கேக்காமல் விட்டியள், என்ன?"

"இல்லை அற்புதம், நீ தேருக்கு..."

"ஏன், தேங்காய் என்ன ஞானஸ்நானம் எடுத்ததே? தேர் பாக்க வந்தனான், பொறுக்கினனான். எங்கடை கட்டடத்திலை இருந்த எல்லாற்றையும் கதவு தட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன். நடவுங்கோ, நானும் வாறன். உங்களுக்கு அங்கை வழி தெரியாது."

"உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாத அறை அங்கை இல்லை" என்றாள் அற்புதராணி.

கடை வானில் பைகளை ஏற்றிக்கொண்டு மூவரும் புறப்பட்டார்கள். கால்வாய்ப் பாலம் தாண்டியதும் ஞானசுந்தரத்தின் கால் தானாகப் பிறேக்கை மிதித்தது. மனதுக்குள் அவர் வைத்திருந்தது உடைந்த கண்ணாடியும் தகரக் கூரையுமான ஒரு கிடங்கு. முன்னால் நின்றது வேறு. பழைய கிடங்கின் செங்கல் சுவரை இடிக்காமல் அப்படியே வைத்து, அதன் இரு தோளிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியிருந்தன. கரை நெடுக மரம் வைத்திருந்தார்கள். புதுக் கல்வி வருடத்துப் பிள்ளைகள் படலைக்குள் வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கறுப்பு, வெள்ளை, மண்ணிறம், முக்காடு, குடுமி, எல்லாம் கலந்து.

"முந்நூறு பிள்ளையளோடை துவங்கினது. இப்ப ஒன்பதாயிரம்" என்றாள் அற்புதராணி, தன் சொந்தக் காணியைக் காட்டுகிற மாதிரி. "உந்தா, உந்தக் கீழ் அறையிலைதான் சட்டம் படிக்கிற பிள்ளையள் இருந்து பேப்பர் அலுவல் பாத்துக் குடுக்கிறவை. ஒரு சதம் வாங்கமாட்டினம். என்ரை விசாவை ரெண்டுதரம் மறுத்தவங்கள். மூண்டாந்தரம் உந்தப் பிள்ளையள்தான் எழுதித் தந்ததுகள். கிடைச்சுது. அதுக்குப் பக்கத்திலை பின்னேர வகுப்பு. வேலை முடிச்சு வந்து பிரெஞ்சு படிக்கலாம். நான் படிச்சனான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"மாக்கிடங்கு எண்டு சொல்லுற ஆளிட்டை ஆர் வந்து சொல்லுறது?" என்றாள் பூரணி. அவள் இங்கே எத்தனை தரம் வந்திருக்கிறாளோ! கேட்கிற முகம் அவருக்கு அப்போது இல்லை.

உள்ளே நடந்தார்கள். வாசிகசாலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் தலை குனிந்து இருந்தார்கள். தாதிமார் படிக்கும் கூடம், கணினிக் கூடம், ஆபிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த ஆராய்ச்சியாளர்களின் பெயர்ப் பலகைகள். பத்து வருடத்தில் இவ்வளவா? தன் கடை நெற்றிப் பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிக்கவே அவருக்கு ஏழு வருடம் பிடித்தது.

பழைய கிடங்குச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. முதலாம் வருடத்து வகுப்பு. பிளாஸ்ரிக் கதிரைகளில் பிள்ளைகள் குளிர்க் கோட்டோடு இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வாயிலிருந்து புகை போகிறது. கட்டடத்துக்குள்ளேயே அந்தக் குளிர். இரண்டாம் வரிசையில் யசோதினி. கையுறையின் விரல் நுனியை வெட்டிவிட்டுப் பேனை பிடித்திருந்தாள்.

அந்தக் கோட்டு அவர் வாங்கிக் கொடுத்தது. வெளியில் போடத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாரி முழுக்க அவள் இப்படி இருந்து படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அப்பா தன்னையே நொந்துகொள்வார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஞானசுந்தரம் படத்தின் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார். பூரணி அவர் கையிலிருந்த ஒரு பையை வாங்கிக்கொண்டாள்.

ஆய்வுகூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் நுழைந்தபோது யசோதினி பேசிக்கொண்டிருந்தாள். முன்னால் நிபுணர்கள் ஐந்தாறு பேர். நடுவில் தலைவி மர்கரீத், நரைத்த தலை, மூக்கில் கண்ணாடி. பொட்டு வைத்த சாக்குகள் ஓரமாக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றன.

"...ஆகவே இவை தெருவிலிருந்து வந்த சிரட்டைகள் இல்லை" என்று மகள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவற்றைச் சூளையில் போட்டு உங்களுக்குக் காட்டினால் அது பொய்யாகும். போன வருடத்துக் கரி வேலை செய்வதைக் காட்டலாம். இந்த வருடத்தது என்னிடம் இல்லை. அதற்குப் பொறுப்பு நான்தான்."

"இருக்கு!" என்றார் ஞானசுந்தரம் தமிழில். தொண்டை கட்டியிருந்ததால் அது ஒரு கரகரப்பாகத்தான் வெளியே வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் மேசையில் பைகளைக் கவிழ்த்தார். கறுத்த சிரட்டை, மிதிபட்ட சிரட்டை, பாதி திருவிய சிரட்டை, கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்த சிரட்டை. கூடம் முழுக்கக் கற்பூரம் மணத்தது.

மர்கரீத் ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். "இவை எங்கிருந்து வந்தன?"

யசோதினி அப்பாவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கோ."

முப்பது வருடம் கடை நடத்திய பிரெஞ்சு அவருடையது. விலை சொல்லத் தெரியும், வரிக்காரனிடம் கெஞ்சத் தெரியும். அதை வைத்துக்கொண்டு முயன்றார். "வீடுகள், மடாம். தெருவில் சாமிக்கு உடைத்தோம். ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சாப்பிட்டார்கள். பிறகு நான் திருப்பிக் கேட்டேன்."

"எல்லோரும் தந்தார்களா?"

"பல்கலைக்கழகத்துக்கு என்றேன், மடாம். தந்தார்கள்." மாக்கிடங்கு என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை.

மர்கரீத் முதன்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த இரண்டு மணித்தியாலமும் ஞானசுந்தரம் ஒரு மூலையில் நின்று பார்த்தார். யசோதினியின் மாணவர்கள் சிரட்டையை நொறுக்கினார்கள், நிறுத்தார்கள், சூளைக்குள் தள்ளினார்கள். நிபுணர்கள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள், விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. ஒரு மாலி நாட்டுப் பெண்ணும் பொபினிப் பொடியன் ஒருவனும் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார்கள். பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்றார்கள். இன்னொரு பக்கம் கண்ணாடிக் குழாய்க்குள் கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக ஏறி, போன வருடத்துக் கரியினூடாக இறங்கி, அடியில் பளிங்காகச் சொட்டியது. அந்தத் தண்ணீரைப் பார்க்க அவருக்கு ஒரு கர்வம் வந்தது. மகளில் மட்டுமல்ல. அந்தப் பிள்ளைகள் எல்லோரிலும், அந்தச் செங்கல் சுவரிலும்கூட.

கடைசியில் மர்கரீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நிலையம் இங்கேயே அமையலாம் என்று நான் எழுதுவேன்" என்றாள். மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அற்புதராணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மர்கரீத் யசோதினியைச் சற்று ஒதுக்கி அழைத்தாள். ஆனால் ஞானசுந்தரம் நின்ற மூலைக்குத்தான் வந்து நின்றார்கள்.

"இது வேறு விடயம். என் சொந்த விடயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள் மர்கரீத். அவள் படிப்பிப்பது எங்கே என்பதைச் சொன்னாள். நகரத்தின் நடுவில் இருக்கிற அந்தப் பழைய பல்கலைக்கழகம். "எங்களிடம் ஒரு பேராசிரியர் இடம் காலியாகிறது. இன்று எங்கள் கண் முன்னால் நீங்கள் அந்தச் சாக்குகளைச் சூளையில் போட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. நீங்கள் போடவில்லை. அப்படிப்பட்ட ஆள்தான் எங்களுக்கு வேண்டும். இந்த நிலையத்தை வேறு யாராவது நடத்துவார்கள். நீங்கள் எங்களிடம் வருகிறீர்களா?"

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஞானசுந்தரத்தின் கை தானாகவே கும்பிடப் போய்ப் பாதியில் நின்றது. பத்து வருடம் கேட்ட வரம். நேற்றுத் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு கேட்ட வரம். ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்து மகளின் முன்னால் நிற்கிறது. நாளைக்கு லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரியலாம்.

யசோதினி சூளையைப் பார்த்தாள், அதைச் சுற்றி நின்று கூத்தடித்துக்கொண்டிருந்த தன் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்தவள் போல ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அவளுக்குத் தெரியாது. பிள்ளையாரே, நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள், இவள் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று அந்த மனுசன் அங்கே நின்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார்.